பெட்டிக்கு வாய் எங்கே இருக்கிறது?

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் கிடைத்தது. கையில் வடையோடு இரண்டு பெண்கள் காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாய் மட்டும் அசைந்தது, துளிச் சத்தம் இல்லை. பேச முடியாதவர்கள் போலிருக்கிறது, ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டினேன். ஒருத்தி சடக்கென்று திரும்பி, "இன்னா சார், வடை ஊசிப்பூட்ச்சா?" என்றாள்.

அவள் வினோதினி, வாலாஜாபாத்துக்காரி. மற்றவள் முத்துச்செல்வி, சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில், தகடு அடிக்கிற எந்திரத்துக்கு இருபுறமும் எதிரெதிரே நிற்பவர்கள். அந்த இரைச்சலுக்குக் காதில் அடைப்பான் கட்டாயம். அதனால் நாலு வருஷமாகப் பேச்செல்லாம் உதட்டைப் பார்த்துத்தான். பழக்கம் வெளியிலும் ஒட்டிக்கொண்டது.

2.

தொடக்கம் ஒன்று: முத்துச்செல்வியின் கண்களில் ஒரு கனவு மின்னிய...

(அடித்துவிட்டேன். அவள் கண்ணில் இருந்தது தூக்கம்.)

தொடக்கம் இரண்டு: தண்டலம் பக்கத்துக் கல்லூரியில் மாலை வகுப்பில் பி.காம். படித்த முத்துச்செல்விக்கு ஆங்கிலம் ஒன்றுதான் பாக்கி. அதிலும் வாசித்தல் பகுதியில் அவள் புலி. கேட்டல் பகுதியில்தான் இரண்டு முறை மண்ணைக் கவ்வினாள். சுவரில் மாட்டிய ஸ்பீக்கர் பெட்டி இரண்டே தரம் பேசும். பத்துக் கேள்வி. இது கடைசி வாய்ப்பு. பாஸானால் பட்டம், பட்டம் வந்தால் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் குவாலிட்டி அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. இல்லையென்றால் இந்த எந்திரமே கதி.

"காது நல்லாத்தான் கேக்கு சார். பேசுதவ வாயைப் பாக்கலன்னா ஒண்ணும் ஏறமாட்டேங்கு. பெட்டிக்கு வாய் எங்க இருக்கு, சொல்லுங்க!"

3.

(இந்த இடத்தில் ஓர் ஆங்கில வாத்தியார் வந்து அவளுக்கு வழிகாட்டுவதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும் வினோதினி, "யாரு சார் அந்தாளு நடுவுல? நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்றாள். வாத்தியாரைத் தூக்கிவிட்டேன்.)

நியாயம்தானே! பயிற்சி கொடுத்தவள் வினோதினி. பத்தாவதோடு நின்றவள். மாதிரித் தேர்வுப் பதிவுகளைக் கம்பெனி பஸ்ஸில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வாள். பிறகு எந்திரத்துக்கு இந்தப் பக்கம் நின்று, துரைசாணி மாதிரி உதட்டைக் குவித்து, முழுதையும் சத்தமில்லாமல் ஒப்பிப்பாள். ரயில் எந்த நடைமேடை, நூலகம் எப்போது மூடும், மார்கரெட் ஏன் வரவில்லை. முத்துச்செல்வி தகடு மாற்றும்போது பதில் சொல்வாள். பத்துக்கு ஒன்பது! சூப்பர்வைசர் மூர்த்தி மட்டும், "லைன்ல இன்னாம்மா, சினிமா ஓட்டிகினு கீறீங்களா?" என்று குரைப்பார்.

டீக்கடைச் சண்டையும் இதைப் பற்றித்தான். பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"நீ பூட்டா என் எதிர்ல எவ நிப்பா?"

"அப்பம் நான் பரீச்சையே எழுதலட்டி."

"எழுதலன்னா ஒதைப்பேன்!"

4.

பரீட்சைக்கு ஒரு ஜோரான திருப்பம் வைத்திருந்தேன். கரண்ட் போகிறது, பெட்டி செத்துவிடுகிறது, ஜெனரேட்டர் இரைச்சலில் கண்காணிப்பாளர் விஜயராகவன் தானே வாசிக்கிறார், முத்துச்செல்வி மட்டும் அவர் உதட்டைப் பார்த்து...

"அவரு மாஸ்க்குல்லா போட்டிருந்தாரு," என்றாள் முத்துச்செல்வி. திருப்பம் அம்பேல்.

நடந்தது இவ்வளவுதான். பெட்டி முதல் தரம் பேசியது, ஒன்றும் ஏறவில்லை. இரண்டாம் தரம் அவள் பெட்டியை முறைத்துப் பார்த்து, அதன்மேல் வினோதினியின் வாயைக் கொண்டுபோய் ஒட்டினாள், தெற்றுப்பல்லோடு. பெட்டி பேசியது. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. பத்துக்கும் பதில் எழுதினாள். சரியா தப்பா என்பது வேறு கதை.

(இல்லை, இதே கதைதான். தப்பிக்கப் பார்த்தேன்.)

5.

ரிசல்ட் அன்று நான் எந்திரத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றேன். (கதை எழுதுகிறவனை எந்த செக்யூரிட்டியும் தடுக்க முடியாது.) என் காதிலும் அடைப்பான். இடைவேளையில் போனைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள் முத்துச்செல்வி. அதற்குள் எந்திரங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. எதிரே நின்று வாயசைத்தாள். எனக்கு உதடு படிக்கத் தெரியாது. சரி, வினோதினியின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று திரும்பினேன்.

வினோதினி தேம்பித் தேம்பி அழுதாள். ஃபெயில் என்றாலும் அழுவாள். பாஸ் என்றால் இன்னும் அழுவாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். என்மேல் இரக்கப்பட்டு, மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து பதில் சொன்னார்கள். இரண்டே தரம்.

எனக்கு ஏறவில்லை. கேள்வி ஒன்றுதான், பேனாவை நீங்கள் எடுங்கள்.