இது நேர்முகத் தேர்வு அல்ல

1
ஓர் ஆய்வறிக்கையின் ஒரே வரியிலிருந்து இந்தக் கதையை எடுத்தேன்: ‘மூன்று மடங்கு சம்பளம் காட்டியபோதும் தோட்டத்து இளைஞர்கள் அரசாங்க வேலையையே தெரிவு செய்தனர்.’ 2007இல் கண்டியில் நடந்த பரிசோதனை. அந்த வரி எனக்குப் புரிந்திருந்தது. ராஜலிங்கம் என்று ஒருவனை எழுதத் தொடங்கியதும் புரியாமல் போயிற்று.

2
முதல் தொடக்கம்: கண்டி வாவியின் மேல் பனி
(அடித்துவிட்டேன். பரிசோதனை நடந்த மண்டபத்திலிருந்து வாவி தெரியாது.)

இரண்டாவது: ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்து ராஜலிங்கம், உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தவன், டை கட்டி, சான்றிதழ்க் கோப்போடு வந்து உட்கார்ந்தான். விரிவுரையாளர் பாலேந்திரன் மேசையில் இரண்டு அட்டைகளை வைத்தார். ஒன்றில் அரசாங்க வேலை. மற்றதில் இருமடங்கு சம்பளத்தோடு கம்பனி வேலை.

“விருப்பமானதைத் தொடுங்கோ, தம்பி.”

அரசாங்கத்தைத் தொட்டான். கம்பனிச் சம்பளம் மூன்று மடங்கானது. மறுபடியும் அரசாங்கம்.*

“எந்த டிப்பார்ட்மென்ட்ல போடுவீங்க, சார்?”

“ஐயோ, இது வேலைக்கு ஆள் எடுக்கிறதில்லை. உங்கட விருப்பத்தை அறியத்தான். ஒரு விளையாட்டு மாதிரி.”

“விளையாட்டுக்கு யாரு சார் டை கட்டிட்டு வருவா?” சிரித்தான். “போன தடவையும் சும்மா பேரு பதியுறோம்னுதான் சொன்னாங்க. அப்ப பேரு குடுத்த எங்க தோட்டத்துப் பொன்னையா மகன் இப்ப வாத்தியாரு.”

* அரசாங்க வேலை கேட்க வந்தவன் கம்பனியைத் தொடுவானா? இது அடிக்குறிப்பா, கதையா, தெரியவில்லை.

3
இங்கே அவனைச் சந்தேகிக்கிறேன். நேர்முகத் தேர்வு என்று நம்பினானா, நம்ப விரும்பினானா?

திங்கட்கிழமை வேலைக்கு வரும்படி கொழும்பில் ஒரு புடவைக் கடை சொல்லியிருக்கிறது. போகாவிட்டால் வேறொருவன். போனால் லொட்ஜில் தங்க வேண்டும். யுத்த காலம்; லொட்ஜ்களில் பொலிசார் தமிழ்ப் பையன்களைப் பிடிக்கிறார்கள். அதே தோட்டத்திலிருந்து சென்ற மாதம் போன ஒருவனை இன்னும்
(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை.)

அவனுக்குக் கம்பனி என்றால் கொழும்பு. அப்படியானால் அறிக்கை சொன்னது சரிதானா? சரியென்றால், எந்தக் காரணத்தால் சரி?

4
முடிவுகள்.
அ) கொழும்பு பஸ்ஸில் ஏறுகிறான்.
ஆ) ஏறவில்லை. நியமனக் கடிதமும் வரவில்லை.
இ) ஏறவில்லை. கடிதம் வருகிறது. (நம்ப முடியவில்லை. ஆனால் பொன்னையா மகன்?)

எதுவும் நிற்கவில்லை. எழுத முடிந்தது இவ்வளவுதான்: ஞாயிறு மாலை, கண்டி குட்ஷெட் பஸ் நிலையம். ராஜலிங்கம் பையோடு நின்று பாலேந்திரனுக்குத் தொலைபேசி எடுக்கிறான்.

“சார், ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. போகவா, இருக்கவா?”

“தம்பி, நான் எப்பிடிச் சொல்லுறது…”

நடத்துநர் “கொழம்ப, கொழம்ப” என்று சிங்களத்தில் கொழும்புக்கு ஆள் கூப்பிட்டுக் கத்துகிறார். பஸ் நகரத் தொடங்குகிறது. பாலேந்திரனுக்காக நான் எழுதிய பதில்கள் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். தொலைபேசியை உங்களிடம் தருகிறேன்.

“சார்?” என்கிறான்.