தூக்காத பிள்ளை

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் தராசு பிடித்த துரைப்பாண்டி, பெற்ற மகள் பேச்சியின் கண்ணுக்கு நாலு வயதுவரை தெரியவே இல்லை. ஊரில் மற்ற எல்லோருக்கும் அவர் நன்றாகத் தெரிந்தார். பிள்ளைக்கும் கண்ணில் கோளாறு கிடையாது. திருநெல்வேலி டாக்டரே நல்ல பார்வை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா மட்டும் தெரியமாட்டார், அவர் குரலும் கேட்காது. மார்க்கெட் முடிந்து அவர் வீட்டுக்குள் நுழைந்தால் அவளுக்குப் பிச்சிப்பூ வாசம் வரும். செம்பு தானாக எழும்பித் தானாகச் சாயும், தண்ணீர் காணாமல் போகும். "எம்மா, அது வந்திருக்கு" என்று அம்மா கோமதித்தாயின் சேலைக்குள் போய் ஒளிந்துகொள்வாள். அதைக் கேட்டதும் துரைப்பாண்டிக்குக் குடித்த தண்ணீர் நெஞ்சிலேயே நிற்கும். ராயகிரியிலிருந்து ஒருவரை வரவழைத்துப் பிள்ளைக்குக் கயிறு கட்டினார்கள். பேயை விரட்ட வந்தவருக்கு வெற்றிலைத் தட்டை நீட்டியதும் அந்தப் பேய்தான்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்றார் துரைப்பாண்டியின் தகப்பனார் ஆறுமுகச்சாமி. பெரியவர்கள் இருக்கிற இடத்தில் ஒருவன் தன் பிள்ளையைத் தானே தூக்கிக் கொஞ்சுவது அந்தக் குடும்பத்தில் மரியாதைக் குறைவு. தூக்காத அப்பன் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியமாட்டான். ஆண்பிள்ளைக்கு மீசை அரும்பும்போது தெரிவான். பெண்பிள்ளைக்குக் கல்யாணத்தன்று தாரை வார்க்கும்போது தெரிவான். பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான் நடந்து வந்தது.

"நான் உனக்கு எத்தன வயசுலலே தெரிஞ்சேன்?"

"பதினாறுலய்யா."

"கெட்டா போயிட்ட?"

தானாக ஆடிய ஒரு பனையோலை விசிறிக்குப் பயந்து அத்தனை வருஷம் போர்வைக்குள் கிடந்தது துரைப்பாண்டிக்குத்தான் தெரியும். மகளுக்குத் தாலி ஏறும்வரை பேயாகக் காலம் தள்ள அவருக்கு மனத்தெம்பு இல்லை.

1980 ஆனியில் பேச்சியைப் பால்வாடியில் சேர்த்தார்கள். டீச்சர் ஷம்சாத் பேகம் கறாரான மனுஷி. வாரம் ஒருநாள் அப்பாமார் வந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பூக்கடை சங்கரசுப்பு, மூக்குச் சிந்திவிடவா மீசை வைத்திருக்கிறோம் என்று கேட்டார், மார்க்கெட்டே சிரித்தது. போனவர் துரைப்பாண்டி ஒருவர்தான், அதுவும் தினமும் போனார். அங்கே பெரியவர்கள் யாரும் இல்லையே. பிள்ளைகள் அவர் முதுகில் ஏறினார்கள், மடியில் உட்கார்ந்து சத்துமாவு உருண்டை தின்றார்கள். பேச்சி சுவரோரம் நின்றபடி, கூட்டாளிகள் அந்தரத்தில் உட்கார்ந்து தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் விரல் பட்டால் வீறிட்டு அழுவாள். தெரியாத கை பட்டால் எந்தப் பிள்ளைதான் அழாது? அதனால் அவளை மட்டும் அவர் தொடுவதில்லை. ஊரான் பிள்ளையெல்லாம் மடியில் இருக்க, தன் பிள்ளை சுவரோரம் நின்றது அவரை அரித்துத் தின்றது.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் பேச்சிக்குக் காய்ச்சல் கண்டது.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு அனலாக் கொதிக்கு. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க."

"அழுவாளே டீச்சர்."

"அழட்டும். அழுத பிள்ளைய அப்பன் தூக்காம வேற யாரு தூக்குவா?"

தூக்கினார். பேச்சிக்கோ, தான் ஆகாயத்தில் பறப்பதுதான் தெரிந்தது. அவள் அலறல் தெற்கு ரத வீதி முழுக்கக் கேட்டது. டீக்கடை பெஞ்சில் ஆறுமுகச்சாமி தன் சேக்காளிகளோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, கீழ விடு. நாலு பேரு பாக்காங்க."

அப்பா சொல்லை அதுவரை ஒரு தடவைகூடத் தட்டாதவர் துரைப்பாண்டி. பழக்கதோஷத்தில் கை தளர்ந்துவிட்டது. விழப்போகிறோம் என்ற பயத்தில் பேச்சி வெறும் காற்றை இரண்டு கையாலும் எட்டிப் பிடித்தாள். அகப்பட்டது ஒரு கழுத்து. பிடித்த மாத்திரத்தில் அது கண்ணுக்குத் தெரிந்தது, கறுப்பாக, வியர்த்துப்போய்.

"விட முடியாதுய்யா" என்று சொல்லிவிட்டு அவர் பிள்ளையை இறுக்கிக்கொண்டு நடந்தார். அதற்கப்புறம் ஆறுமுகச்சாமி ஒரு மாதம் மகனோடு பேசவில்லை.

பேச்சி அழுகையை நிறுத்திவிட்டுத் தடவிப் பார்த்தாள். சூடான அந்தச் சின்னக் கை பட்ட இடமெல்லாம் தெரிந்தது. காது தெரிந்தது, மீசை தெரிந்தது. வாயைத் தொட்டதும் குரலும் வந்தது. வீட்டு வாசலுக்கு வருவதற்குள் இடுப்புவரை தெரிந்துவிட்டார்.

"நீதான் அதுவா?"

"ஆமா மக்கா."

"இம்புட்டு நாளும் எங்கன போயிருந்த?"

"இங்கனதான் இருந்தேன்" என்று சொன்ன துரைப்பாண்டி, வாசலிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார்.

காய்ச்சல் விட்டு அவள் மறுபடியும் பால்வாடிக்கு வந்தபோது அப்பாவும் கூடவே வந்தார். இடுப்புக்குக் கீழே மட்டும் இன்னும் தெரியவில்லை. தூக்கி வைத்திருக்கிற பிள்ளை காலை எதற்குத் தொடப்போகிறது?

"எங்கப்பாவுக்குக் காலு கிடையாது" என்று பேச்சி கூட்டாளிகளிடம் சொன்னாள்.

"ஏட்டி, காலில்லேன்னா அது பேயாச்சே!" என்றாள் சங்கரசுப்புவின் மகள் அன்னக்கிளி.

பேச்சி அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"பேய்தான். எங்க பேய்" என்று சொல்லிவிட்டு, அவரைப் பார்த்து இரண்டு கையையும் மேலே நீட்டினாள். துரைப்பாண்டி தூக்கிக்கொண்டார்.