பாடத்துரை வாங்கிக்கொண்ட பொறுப்பு

லண்டனிலிருந்து வந்த புதிய சின்னதுரைக்குத் தோட்டத்து ஜனங்கள் ஒரு வாரத்திலேயே பாடத்துரை என்று பேர் வைத்துவிட்டார்கள். மற்ற சின்னதுரைகள் ரப்பர் மரத்தைப் பார்க்க வந்தவர்கள். இவர் மனிதர்களுக்குப் பாடம் சொல்ல வந்தவர். ஒரு பட்டம் வாங்கிய பிறகு அதற்கு மேலே நிர்வாகம் என்று ஒன்றைப் படித்திருந்தார். அந்தப் படிப்பில் வியாபார தர்மம் என்று தனியாக ஒரு பாடம் உண்டாம். அதில் வகுப்பிலேயே அவர்தான் முதலாம். கம்பெனி, லாபத்தைப் பார்க்கிற கண்ணால் மனிதர்களையும் பார்க்க வேண்டும், அதை மலாயாவில் ஒரு தோட்டத்தில் செய்து காட்டிவிட்டு வா என்று கம்பெனியே அவரைக் கப்பலேற்றி அனுப்பியிருந்தது.

அது மலாயாவின் எமர்ஜென்சி காலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் ராணுவ லோரிகள். லிங்கி ஆற்றுப் பக்கம் சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்து முள்வேலிக்குள் அடைத்திருந்தார்கள். இந்த நேரத்தில் தர்மத்தைக் கப்பலில் அனுப்பத் தோன்றியது யாருக்கு என்று தோட்டத்து மானேஜரான பெரியதுரை தினமும் யோசித்தார். விடை கிடைக்கவில்லை.

பாடம் நடந்தது வேலிக்குள் இருந்த பழைய ஸ்டோரில். அரிசியைப் போலீஸ் காவலுக்கு மாற்றிவிட்டதால் அது காலியாகக் கிடந்தது. மாலை நேரத்தில் கணக்கெழுதும் கிராணிகளும் ஆட்களை மேய்க்கும் மண்டோர்களும் அங்கே வந்து உட்கார வேண்டும். துரையின் இங்கிலீஷைத் தமிழில் மாற்றிச் சொல்லும் வேலை பெரிய கிராணி இராஜமாணிக்கத்துக்கு. அவர் பேச்சைச் செலவு செய்யத் தயங்குகிறவர். துரை ஒரு மூச்சு பேசி முடித்தால் இவர் கூரையைச் சிறிது நேரம் பார்ப்பார். பிறகு, “ஒழுங்கா நடந்துக்கணுங்கிறாரு” என்பார். துரை மறுபடியும் பேசுவார். இவர் மறுபடியும் கூரையைப் பார்ப்பார். “அதையேதான் சொல்றாரு.”

அப்புறம் எல்லோரும் சும்மா இருப்பார்கள். கேட்கிறவர்கள் மௌனமாக இருந்தால் பாடம் உள்ளே இறங்குகிறது என்று துரையின் பேராசிரியர் சொல்லியிருந்தாராம். அதனால் அந்த மௌனங்கள் துரைக்குப் பெரிய சந்தோஷத்தைக் கொடுத்தன.

தர்மம் எல்லோருக்கும் பொது என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றிவிட்டது. பால்வெட்டுக்காரர்களையும் அழைத்துவரச் சொன்னார். பெண்கள் பின்னால் உட்கார்ந்தார்கள். அவர்களில் பஞ்சாலையும் இருந்தாள். அவளுக்கு அன்று பாடத்தைத் தவிர வேறு யோசனைகள் இருந்தன.

அவளுடைய கைக்குழந்தை அர்ச்சுனன் மாவுப்பாலில் வளர்கிறவன். அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாள். முள்வேலி போட்டபோது அந்தக் கொட்டகை வேலிக்கு வெளியே நின்றுபோனது. காட்டில் இருக்கிறவர்களுக்குப் போய்விடும் என்று வேலியைத் தாண்டிச் சாப்பாட்டுச் சாமான் எதையும் கொண்டுபோக விடவில்லை. குழந்தை போகலாம், அதன் பால் போகக் கூடாது. துணிக்குள் சுருட்டிக் கொண்டுபோன டின்னையும் கேட்டில் போலீஸ்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். ஆயா முத்தாயி குழந்தைகளுக்குச் சுடுதண்ணீர் கொடுத்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அர்ச்சுனன் அழுவதைக் குறைத்துவிட்டான். பஞ்சாலையைப் பயமுறுத்தியது அதுதான்.

கொட்டகையை உள்ளே கொண்டுவரும்படி பெரியதுரையிடம் கேட்டாகிவிட்டது. வேலி போலீஸ் போட்டது, அங்கே கேள் என்றார். ரெம்பாவ் போலீஸில் கேட்டால், கொட்டகை கம்பெனியுடையது, அங்கே கேள் என்றார்கள்.

அன்றைக்குப் பாடத்துரை ஒரு கேஸ் சொன்னார். கேஸ் என்றால் கோர்ட் கேஸ் இல்லை. அவர்கள் படிப்பில் ஒரு கதையைச் சொல்லிவிட்டு, இதில் தர்மம் எது என்று கேட்பார்களாம். கதை இதுதான்: சீமையில் ஒரு பாக்டரியின் அழுக்குத் தண்ணீர் கிராமத்து ஆற்றில் போய் விழுகிறது. பாக்டரிக்காரன் கவர்மெண்டைக் கை காட்டுகிறான், கவர்மெண்ட் பாக்டரியைக் கை காட்டுகிறது. இதற்கு யார் பொறுப்பு?

மண்டோர் முருகையா யோசித்துவிட்டு, கொஞ்சம் மேலே போய்த் தண்ணீர் மொண்டுகொள்ள வேண்டியதுதானே என்றார். துரை அதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டார்.

பின்னாலிருந்து பஞ்சாலை எழுந்தாள். ஆறு, பாக்டரி எல்லாம் நமக்கெதுக்கு, நம்ம கேஸைச் சொல்கிறேன் என்று கொட்டகையின் கதையைச் சொன்னாள். கடைசியில் கிராணியைப் பார்த்து, “தொரகிட்ட இதக் கேளுங்க கிராணியாரே. நாங்க வெட்டிக் கொண்டாற பாலு உள்ள வரலாம். எம் புள்ள குடிக்கிற பாலு மட்டும் வெளிய போனா கம்னிஸ்டாயிடுமா?” என்றாள்.

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். இந்த முறை இராஜமாணிக்கம் கூரையைப் பார்க்கவில்லை. வார்த்தை குறையாமல் அப்படியே மாற்றிச் சொன்னார்.

துரையின் முகம் மலர்ந்துவிட்டது. புத்தகத்தில் வந்த கேஸ் சேலை கட்டிக்கொண்டு எதிரே நிற்கிறது. எல்லோரும் கையை வேறு பக்கம் காட்டும்போது நல்ல நிர்வாகி தன் நெஞ்சில் கை வைக்க வேண்டும் என்பது அவர் படித்தது. இந்த ஒரு வாக்கியத்தையாவது தன் வாயால் சொல்ல ஆசைப்பட்டு, அதற்குத் தமிழ் என்ன என்று கிராணியிடம் கேட்டார். பிறகு நெஞ்சில் கை வைத்து மெதுவாகச் சொன்னார்.

“பொறுப்பு என்கிட்ட கொடுங்க.”

“எல்லாத்தையுமா தொர?” என்றாள் பஞ்சாலை.

“எல்லாம்.”

மறுநாள் ஆட்களைப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டு முடிந்து, துரை வேலிக்குள் இருந்த ஆபீசுக்கு வந்தபோது வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு குழந்தை. பஞ்சாலை முதலில் உள்ளே போனாள். மேசை மேலிருந்த காகிதங்களை ஓரமாக ஒதுக்கி, துண்டை விரித்து அர்ச்சுனனைப் படுக்க வைத்தாள். பக்கத்தில் பால் டின்னை வைத்தாள். மற்றவர்களும் காலியாக இருந்த இடத்தில் எல்லாம் குழந்தைகளை இறக்கினார்கள்.

இது என்ன என்று துரை கேட்டார். இராஜமாணிக்கம் மேசையோரக் காகிதங்களை எடுத்து அடுக்கினார்.

“நேற்று நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்டது, சார்” என்று இங்கிலீஷில் சொன்னார். “எங்கள் ஊரில் பொறுப்பு என்றால் ஒரு பொருளை ஒருவர் கையில் ஒப்படைக்கிறது. நாலு பேருக்கு முன்னால் வாங்கினால் திருப்பிக் கொடுக்க முடியாது.”

சத்தம் கேட்டுப் பெரியதுரை வந்தார். அவருடைய நாற்காலியில் ஒரு குழந்தை உட்கார்ந்து மை ஒற்றும் தாளைச் சப்பிக்கொண்டிருந்தது. அவர் முகம் சிவந்தது. யார் இதைத் தொடங்கியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, குழந்தையை எடுத்துக்கொண்டு போகாவிட்டால் பஞ்சாலையின் பேரை வெட்டிவிடுவதாகச் சொன்னார். பேர் போனால் வேலை போகும், லயத்து வீடும் போகும். கிராணி அதைத் தமிழில் சொன்னார்.

பஞ்சாலை மேசையைப் பார்த்தாள். அர்ச்சுனன் டின்னைத் தொட முயன்றுகொண்டிருந்தான். அவள் டின்னை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“பேர வெட்டுறதுன்னா வெட்டிக்கட்டும். புள்ளையத் தொரகிட்டக் குடுத்தாச்சு. தண்ணி குடிக்கிற எடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவ மாட்டேன்.”

இப்போது எல்லோரும் பாடத்துரையைப் பார்த்தார்கள். வகுப்பில் ஒரு கேஸ் முடிந்ததும் மணி அடிக்கும், எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். இங்கே மணி எதுவும் அடிக்கவில்லை. அவர் பெரியதுரையைப் பார்த்தார், பால் டின்னைப் பார்த்தார். அந்தப் பெண் சொல்வது சரி, நான்தான் வாங்கிக்கொண்டேன், பேர் வெட்டுவதாக இருந்தால் என்னுடையதிலிருந்து தொடங்குங்கள் என்றார். சொல்லும்போது நெஞ்சில் கை வைக்க மறந்துவிட்டார்.

“அப்படியானால் நீயே வைத்துக்கொள்” என்றார் பெரியதுரை. “ஆனால் என் ஆபீசில் இல்லை.”

போக இருந்த ஒரே இடம் ஸ்டோர்தான். துரையும் கிராணியும் ஆளுக்கு ஒரு பக்கமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக் களத்தின் நடுவே நடந்தார்கள். அதைப் பார்ப்பதற்காக முருகையா தன் ஆட்களைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தார். பால் கரைக்கத் துரைக்குத் தெரியவில்லை. முதலில் கட்டியாயிற்று, அப்புறம் தண்ணீராயிற்று. அர்ச்சுனன் இரண்டையும் துப்பினான். கடைசியில் துரையே கேட்டுக்கு ஓடி, வேலிக்கு வெளியே காலிக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த முத்தாயியைக் கையோடு அழைத்து வந்தார்.

அவள் வந்ததும் உத்தரத்தை ஒருமுறை பார்த்தாள். கரும்பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் தொட்டில் கயிறுகளைக் கட்டினாள். பாலைக் கரைத்தாள். அர்ச்சுனன் வயிறு நிறையக் குடித்தான். மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து அதையும் குடித்தான்.

வெட்டு முடிந்து பஞ்சாலை ஓடி வந்தபோது ஸ்டோரில் சத்தமே இல்லை. அவள் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். குழந்தையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, அப்படியே நின்றாள்.

குழந்தைகள் தூங்கும் நேரத்தில் இங்கே பாடம் நடத்தலாமா என்று துரை கிராணி மூலமாகக் கேட்டார். முத்தாயி நிமிர்ந்து பார்த்தாள்.

“இப்பத்தான் தூங்குதுங்க. தொரைய வெளிய போயிப் பேசச் சொல்லுங்க.”

பாடத்துரை பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெளியே போனார்.