கோயில் மரத்துக்கு அடித்த மருந்து

எங்கள் ஊரில் பட்டுப்புழுவை யாரும் அது, இது என்று சொல்வதில்லை. அவங்கதான். அவங்க எழுந்தாச்சு, அவங்க சாப்பிட்டாச்சு. என் மாமியாருக்குக்கூட நான் அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. அந்த ஜூன் மாதம் எங்கள் மாடியில் முப்பதாயிரம் பேர் தோலுரிக்கும் நாலாவது தூக்கம் முடிந்து அகோரப் பசியில் இருந்தார்கள். இன்னும் மூன்று நாள் வயிறாரப் போட்டால் கூடு கட்டிவிடுவார்கள். அந்தக் கூட்டை நம்பித்தான் எங்களுக்கு மிச்ச வருஷம் முழுவதும்.

காலை எட்டரைக்கு என் கணவர் தொகுஜி இலைக்கூடையை முதுகிலிருந்து இறக்கினார். கிட்டே போனதும் என் மூக்கில் ஏறியது. பக்கத்துப் பள்ளத்தாக்கின் ஆப்பிள் தோட்டங்களில் வீசும் அதே நெடி.

“என்ன நாத்தம் இது?”

“வேர்வை.”

“உங்க வேர்வைய பதினோரு வருஷமா தோய்ச்சுப் போடறேன். இது அது இல்ல. மருந்தடிச்சீங்களா?”

அவர் குனிந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றினார். ஒரு காலைக் கழற்ற இவ்வளவு நேரமா?

“கோயில் மரத்துக்கு மட்டுந்தான், மிசாவோ. காத்தே இல்ல. இலை அசையல.”

கோயில் மரம் என்பது எங்கள் சாமி பட்டுத் தாயின் கோயில் முற்றத்தில் நிற்கும் கிழட்டு மல்பெரி. இடுப்பில் வைக்கோல் கயிறு கட்டியிருக்கும். நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாது. வசந்தத்தில் முட்டை பொரிந்ததும் பூசாரி குராமோச்சி ஒவ்வொரு வீட்டுக்கும் அதிலிருந்து ஓர் இலை தருவார். அதைப் புழுத்தட்டின் அடியில் வைத்த பிறகுதான் எந்த வீட்டிலும் முதல் தீனி. அந்த மரத்தை இந்த வருஷம் கம்பளிப்பூச்சி மொட்டையடித்துக்கொண்டிருந்தது. மரத்தைப் பார்த்துக்கொள்ளும் முறையும் இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்து தொலைத்தது. நம்ம முறையில் மரம் செத்துவிட்டால் என்று பத்து நாளாக மனுஷர் புரண்டுகொண்டிருந்தார். ஆனால் புழுக்காலத்தில் மருந்துப் புட்டியின் மூடியைத் திறக்கவே ஊரில் தடை. புழுக்களின் தாயைக் காப்பாற்றப் புழுக்களுக்கே விஷம். இப்படி ஒரு பக்தி எங்கள் ஊரில்தான் விளையும்.

கோயிலை ஒட்டிய சரிவில் மேலே எங்கள் தோட்டம். அதற்குக் கீழே ஷிகே அக்காவுடையது, கடைசியில் யொனெகாவா வீட்டாருடையது. மூன்று வீட்டுக்கும் இன்றைக்கு அந்தச் சரிவில் பறித்த இலைதான். விடியற்காலையில் மலைக்காற்று கீழேதான் இறங்கும். இலை அசைந்ததா இல்லையா என்று இருட்டில் இவர் எதைக் கண்டார்?

“ஷிகே அக்கா ஒன்பது மணிக்குத் தீனி போடுவாங்க. இப்பவே போய்ச் சொல்லுங்க.”

“என்னன்னு சொல்றது? ஊரே நம்மள ஒதுக்கி வெச்சிடும். முதல்ல அஞ்சு பேருக்குப் போட்டுப் பாப்போம். ஒண்ணும் ஆகலன்னா எதுக்கு வாயத் திறக்கணும்?”

நான் சரி என்றேன். அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் நழுவ முடியாது. ஒதுக்கிவைத்த வீட்டுக்குத் தீப்பிடித்தால் வருவார்கள், சாவு விழுந்தால் வருவார்கள், வேறு எதற்கும் ஒருவரும் வாசலை மிதிக்க மாட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது.

ஐந்து பேரைக் கிண்ணத்தில் எடுத்து வந்து இரண்டு இலை போட்டேன். நறுக் நறுக்கென்று ஓரத்திலிருந்து தின்றார்கள். எட்டு நாற்பது. மாடியில் மற்றவர்கள் பசியில் தலையைத் தூக்கித் தேடிக்கொண்டிருப்பார்கள்.

“பாத்தியா, நல்லாத்தான் சாப்பிடறாங்க,” என்றார்.

எட்டு ஐம்பது. என் இரண்டாவது பிரசவத்தில் இரவு முழுக்க என் இடுப்பைத் தாங்கிப் பிடித்தவள் ஷிகே அக்கா. இப்போது எழுந்தால்கூட நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம் என்று கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருத்தர் தின்பதை நிறுத்தினார். தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினார். வாயிலிருந்து பச்சையாகக் கக்கினார். அடுத்தவரும் கக்கினார்.

தொகுஜி தரையில் நெற்றியை வைத்துக் குப்புறக் கிடந்தார். நான் செருப்பில்லாமல் ஓடினேன்.

ஷிகே அக்காவின் வாசலிலேயே மாடியில் அவங்க இலை தின்னும் சத்தம் கேட்டுவிட்டது. ஏணியில் தாவி ஏறினேன்.

“அக்கா, நிறுத்து! இலையில மருந்து!”

காலிக் கூடையோடு அவள் திரும்பினாள். “யாரு அடிச்சது?”

“எங்க வீட்டுக்காரர். கோயில் மரத்துக்கு.”

இரண்டு பேரும் இலையை அள்ளப் பார்த்தோம். அவங்க விட்டால்தானே! பிய்த்தால் புழுதான் பிய்ந்து வந்தது. மூலைத் தட்டில் ஒருத்தர் தலையை ஆட்டத் தொடங்கினார். ஷிகே அக்காவின் கை அப்படியே நின்றது.

“உனக்கு எப்பத் தெரிஞ்சுது?”

இப்பதான் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

“எட்டரைக்கே சந்தேகம் வந்துச்சு. அஞ்சு பேருக்குப் போட்டுப் பாத்துட்டு இருந்தேன்.”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது ஆகிப் பத்து நிமிஷம். அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“யொனெகாவா வீட்ல இலையில ஈரம் காயட்டும்னு ஒன்பதரைக்குத்தான் போடுவாங்க,” என்றாள். “ஓடு. எல்லாத்தையும் சொல்லு. நீ பாத்துட்டு உக்காந்திருந்த அரை மணி நேரத்தையும் சேத்துச் சொல்லு.”

பிறகு என் பக்கம் திரும்பாமல், துடித்துக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராக எடுத்துத் தன் மேலங்கி மடியில் போடத் தொடங்கினாள். நான் ஏணியில் இறங்கி, அழுதுகொண்டே ஓடினேன்.