கையில் பிரஷ் இருந்தால் வரும் பாட்டு

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு தொண்டையை வரைந்து, நடுவில் ஒரு வட்டம் போட்டார். இதுதான் குரல்வளை, இதை முழுதாக எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை, புதன்கிழமை காலையில் ஆபரேஷன் என்றார். அதற்குப் பிறகு மூச்சு கழுத்தில் போடும் துளை வழியாக வரும். சாப்பிடலாம், நடக்கலாம், வேலைக்குக்கூடப் போகலாம். பேச்சு மட்டும் பழையபடி வராது. பெயிண்டர் அந்தச் சீட்டை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, வட்டம் கொஞ்சம் கோணலாக இருக்கிறதே என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குப் பேச்சைப் பற்றிக்கூட அவ்வளவு கவலையில்லை. முப்பத்தோரு வருஷத்தில் இந்த மனுஷன் பேசியது போதும் என்று அவளே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். பாட்டுதான் அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பெயிண்டருக்குப் பாட வராது. யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வார், அது பொய்யுமில்லை. மகள் கல்யாணத்தில் எல்லோருமாகச் சேர்ந்து அவர் கையில் மைக்கைத் திணித்தபோது, திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றுவிட்டு, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அறிவித்தவர் அவர். ஆனால் கையில் பிரஷ் ஏறிவிட்டால் கதையே வேறு. சுவரில் மாவு பூசிப் பட்டி பார்க்கும்போது முனகல், ஏணிமேல் நின்று ஜன்னல் ஓரங்களை இழுக்கும்போது மெதுவான சோகப் பாட்டு, அகலமான சுவரில் ரோலர் ஓடும்போது துள்ளல் பாட்டு. வேலையிடத்தில் அவருக்கு ரேடியோ என்றே பெயர். பாடுவது அவருக்கே தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை. நல்லாத்தான் பாடுறீங்க என்று வீட்டுக்காரர்கள் சொன்னால், நான் எங்கே பாடினேன் என்று நிஜமாகவே முழிப்பார்.

வீட்டிலும் ஏதாவது ஒரு கதவோ அலமாரியோ அவருடைய பிரஷுக்குக் காத்துக்கொண்டே இருக்கும். அவள் ஒரு லாண்டரியில் விரிப்புகளை மடிக்கும் வேலை பார்க்கிறாள். லீவு நாளில் அடுப்படியில் நின்றுகொண்டு, உள்ளே என்ன பாட்டு ஓடுகிறது என்பதை வைத்தே மனுஷனுக்குப் பசி வந்துவிட்டதா, கோபம் தணிந்ததா என்று கணக்குப் போட்டுவிடுவாள். சண்டை போட்ட நாட்களில் சமாதானம் பேசியது அவர் வாயில்லை, அந்தப் பாட்டுகள்தான். அப்பா குரலை எப்படியாவது பிடித்து வைத்துவிடு என்று வெளியூரில் இருக்கும் மகள் போனில் அழுதபோது, பாடச் சொன்னால் பாடுகிற ஆளா உங்கப்பா என்று இவளும் அழுதாள். அழுது முடித்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

உள்ரூம் சுவர் பார்க்கச் சகிக்கவில்லை, புதன்கிழமைக்கு முன்னால் ஒரு கோட்டிங் அடித்துவிடலாமா என்று சனிக்கிழமை காலையில் கேட்டாள். கேட்கும்போதே நாக்கு கூசியது. வாசனையில்லாத தண்ணி பெயிண்ட் வாங்கலாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

"ஆபரேஷனுக்குப் போறவன சுவருக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்ற பொண்டாட்டிய இப்பதான் பாக்குறேன்" என்றார் அவர், கரகரத்த குரலில். ஆனால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். சும்மா உட்கார்ந்து புதன்கிழமையைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அவருக்கும் அது தேவலை போலிருந்தது.

கட்டிலை நகர்த்தி, பழைய போர்வையைத் தரையில் விரித்து, உப்புத்தாளால் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தார். அவள் செல்போனை அலமாரியின் மேல்தட்டில், மடித்த துணிகளுக்கு நடுவே பதிவில் போட்டு வைத்துவிட்டு, பூனை மாதிரி வெளியே வந்தாள். மத்தியானம் எடுத்துக் கேட்டபோது மூன்று மணி நேரத்துக்கு உப்புத்தாள் சுவரில் உரசும் சத்தம், இருமல், நடுவில் ஒரே ஒரு முறை தண்ணி கொண்டா என்கிற சத்தம். அவ்வளவுதான். சாயங்காலம் ஒரு கோட்டிங் முடிகிற வரைக்கும் ஒரு முனகல்கூட இல்லை. இந்த மனுஷன் பிரஷ் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருந்ததை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. பாட்டு இப்போதே போய்விட்டதோ, டாக்டர் எடுப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லையோ என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாளும் போனை அதே இடத்தில் வைத்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கதவருகே போய்க் காதைக் கொடுத்தாள். ஒன்றுமில்லை. நாலாவது முறை அவர் திரும்பிப் பார்த்து, என்ன வேண்டும் என்று கையால் கேட்டார். வேண்டாததுக்கெல்லாம் வாய் கிழியப் பேசத் தெரியும், வேண்டிய நேரத்தில் மட்டும் ஊமைக்கோட்டான் என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். போன பிறகுதான் என்ன வார்த்தை சொன்னோம் என்று உறைத்தது. குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, இரண்டு நாள் பாத்திரங்களையும் போட்டு, கோபமெல்லாம் அதில் தீருகிற மட்டும் தேய்த்தாள். பிறகு அரிசி களைந்தாள், வெங்காயம் நறுக்கினாள், போனை மறந்தே போனாள். குளிக்கப் போகுமுன் மாற்றுத்துணி எடுக்கக் கை நீட்டியபோதுதான் அது ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அறையில் அவர் இல்லை, கொல்லைக் குழாயில் ரோலரைக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டாவது கோட்டிங் முடிந்து சுவர் ஈரமாக இருந்தது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள். முதலில் ரோலர் மேலும் கீழும் போகிற சத்தம். பாத்திரச் சத்தம். அப்புறம், ரொம்ப நேரம் கழித்து, அவர். ஒரு பழைய படத்து டூயட். எந்த வழியாக வருவாய் என்று அவன் கேட்பான், அவள் பதில் சொல்வாள், பாட்டு முழுக்க அப்படியே போகும். குரல் கிழிந்துதான் இருந்தது, உச்சத்தில் ஒன்றுமே வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. ஆனாலும் அவர் குரல்தான். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கேள்வி முடிந்ததும் தூரத்தில், தண்ணீர்ச் சத்தத்துக்கும் பாத்திரச் சத்தத்துக்கும் நடுவில், ஒரு பெண்குரல் கொஞ்சம் மூக்கால் பதில் பாடியது.

யார் இது என்று ஒரு நொடி அவளுக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டு டிவியோ என்றுகூட நினைத்தாள். மறுபடி அவர் கேட்டார், மறுபடி அந்தக் குரல் பதில் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல், இந்தக் கரி எங்க போகுதுன்னு பாக்குறேன் என்று சட்டியைத் திட்டியது. அது அவளேதான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு நாள் இந்த வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக்கூடாதா? இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. சுவரும் முடிந்துவிட்டது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அவளால் மறைக்க முடியவில்லை. சுவர், போன், மகள் அழுதது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். எல்லாம் கெட்டுப்போச்சு என்றாள். அவர் கோபப்படவில்லை. போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டார். தான் பாடுவதை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. முகத்தில் முதலில் வெட்கம் வந்தது, அப்புறம் அது என்னவோ ஆயிற்று.

"நீ பாடுவேன்னு எனக்குத் தெரியும்" என்றார். "நான் பாடுறதுதான் தெரியாது."

"நான் எங்கங்க பாடுனேன்" என்று சொல்லிவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள்.

வேலையிடத்தில் மேஸ்திரி ஒரு விஷயம் சொல்லிக் கேலி செய்வார் என்றார் அவர். ரேடியோ ஒரு வரி பாடும், அப்புறம் கரெண்ட் போன மாதிரி நின்றுவிடும், அப்புறம் அடுத்த வரிக்குப் போகும். நடுவில் என்னய்யா விழுங்குகிறாய் என்று கேட்பாராம். இவருக்கும் ஒன்றும் விளங்கியதில்லை.

"அந்தப் பதில் வரியெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நான் கத்துக்கவே இல்ல."

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை, இருமல் வந்துவிட்டது. அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். திங்கட்கிழமை அவள் அந்தப் பதிவை அப்படியே மகளுக்கு அனுப்பினாள். பதிலாக மகளிடமிருந்து சாயங்காலம் அவள் கிளம்பி வருவதற்கான ரயில் டிக்கெட்தான் போனில் வந்தது.

புதன்கிழமை காலையில் பச்சை உடுப்பு மாட்டி, கையில் ஊசிக்குழாய் குத்தி, அவரை ஆபரேஷன் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மகள் கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களோடு கீழே போயிருந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவர் உதடு காய்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு எதையாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. காலையில் வாசலைப் பூட்டினோமா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். பிறகு வெறும் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, தெரிந்தே, அந்தப் பாட்டின் முதல் வரியைப் பாடினார்.

பாடி முடித்துவிட்டு நிறுத்தினார். அவள் வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை. இத்தனை வருஷம் நினைக்காமலே வந்த வரி, இப்போது ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. அவர் திரும்பி அவளைப் பார்த்தார், அவசரமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துகொண்டு சக்கர நாற்காலியோடு ஒரு நர்ஸ் வந்து, கிளம்பலாமா ஐயா என்றாள். ஊசி குத்தியிருந்த கையை லேசாக உயர்த்தி அவளைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, மனைவியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அவர் முதல் வரியை மறுபடியும் ஆரம்பித்தார்.