எல்லாருக்கும் ஒரே திரை

அனாயீக்குக் காலையிலிருந்தே பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதத் தற்காலிக வேலை அன்றோடு முடிகிறது. நிரந்தரமா இல்லையா என்று மேலாளர் மிர்த்தா சொல்ல வேண்டும். மிர்த்தாவோ முந்தின நாளே, "டெலிபோன் எடுக்கிற வேலை ஒண்ணு இருக்கும்மா, உனக்கு அதுதான் சுலபம்" என்று கனிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்தக் கனிவைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் போலிருந்தது.

மொந்தேவிதேயோ நகரத்தின் பேருந்து நிறுத்தங்களில் நேரம் காட்டும் பலகைகளை இயக்குகிற நிறுவனம் அது. பலகை எது கெட்டாலும் காரணத்தைக் கண்டுபிடிப்பது அனாயீயின் வேலை. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். கணினியில் வருவதை ஒரு குரல் காதில் வாசிக்கும். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரையில், பலகைகள் அனுப்பிய நீளமான பதிவைத் திறந்தால், ஒரு சின்ன நிரல் அதைப் பக்கம் பக்கமாக நிறுத்திக் காட்டும். கண்ணுள்ளவர்களுக்குச் சௌகரியம்தான். அவளுக்கோ பக்கம் மாறும்போதெல்லாம் திரை துடைக்கப்பட்டு, குரல் உச்சியிலிருந்து மறுபடி தொடங்கும். மூடினால் படித்ததெல்லாம் மறைந்துபோகும். இதற்கு வேண்டியது ஒரே ஒரு வரி. திரையைத் துடைக்காதே, எத்தனையாவது வரி என்று அடியில் சொல். அவளுடைய அமைப்புக் கோப்பில் அது இருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம்.

அந்த வரியைத்தான் யமந்தூ மணிக்கு ஒருமுறை அழித்துக்கொண்டிருந்தான். சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். நாற்பது சர்வரிலும் எல்லாருடைய அமைப்பும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று, தனியாக யார் எதைச் சேர்த்தாலும் அழித்துவிடும் ஒரு நிரல் எழுதி ஓடவிட்டிருந்தான். நான்கு முறை கேட்டாள். நான்கு முறையும் சிரிப்போடு ஒரே பதில்: "ஒருத்திக்காக ரூல மாத்த முடியாதும்மா. எனக்கும் அதே ரூல்தான்." மெதுவாக வேலை செய்கிறாள் என்று மிர்த்தாவுக்கு அறிக்கை கொடுத்தவனும் அவனே.

அன்று அவள் அந்த நிரலையே திறந்தாள். அதே பாழாய்ப்போன பக்கங்களில், திரும்பத் திரும்ப உச்சியிலிருந்து, முக்கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். மூன்றாம் பக்கத்தில் குரல் சாவகாசமாக வாசித்தது: யமந்தூ என்ற பெயர் வந்தால் தொடாமல் விட்டுவிடு.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மிர்த்தாவின் அறைக்குப் போனாள். யமந்தூவும் அங்கேதான் இருந்தான்; மாத்தே பானத்தைக் குழலில் உறிஞ்சும் சத்தமே காட்டிக்கொடுத்தது. ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு அந்த வரியை உரக்க வாசிக்கவிட்டாள். ஒருமுறை போதாதென்று இன்னொரு முறையும்.

தன்னுடைய அமைப்பு பழகிப்போனது, அது இல்லாமல் வேகம் வராது என்று யமந்தூ முணுமுணுத்தான்.

"உனக்கு வேகம் வராது," என்றாள் அனாயீ. "எனக்கு வராட்டி மட்டும் கண்ணு தெரியாததாலயா?"

மிர்த்தா சமாதானம் பேச வந்தாள். உன் பெயரையும் அந்த வரியில் சேர்த்துவிடச் சொல்கிறேன், டெலிபோன் பேச்சை விட்டுவிடலாம் என்றாள்.

"சலுகை வேணாம் மிர்த்தா. அந்த நிரல நிறுத்துங்க. இவன் குடுத்த அறிக்கையக் கிழிச்சிட்டு, மூணு மாசத்த இன்னிலருந்து எண்ணுங்க. அப்பவும் மெதுவா இருந்தா நானே போயிடறேன்."

மிர்த்தா, அவள் சொன்னபடியே செய் என்று யமந்தூவிடம் சொன்னாள். இங்கேயேவா என்று அவன் கேட்டான்.

"இங்கயேதான்," என்று மடிக்கணினியை அவன் பக்கம் தள்ளினாள் அனாயீ. நிரலை நிறுத்தும் கட்டளையை அவன் தட்டத் தட்ட, ஒவ்வொரு எழுத்தையும் அந்தக் குரல் அறை முழுக்கச் சொன்னது. கடைசி எழுத்துவரை அவள் ஒலியைக் குறைக்கவில்லை.