காற்றுக் குழுவின் அட்டை வீடு

மே மாதக் கடைசியில், மழைக்கு முன்னால் வரும் புழுதிக் காற்று தாராவியின் அந்தச் சந்துக்குள் புகுந்தபோது தண்ணீர் டிரம்கள் உருண்டன, மின்கம்பி அறுந்து பொறி கக்கியது. காற்று அடித்தால் கதவைத் திறந்துவிட வேண்டும் என்பது ஊரிலிருந்து அவர்களோடு வந்த வழக்கம். மதீனா பீவியின் தம்பி அஸாருதீன், "கதவத் தொறங்க, கதவத் தொறங்க" என்று கத்திக்கொண்டே ஓடி, ஆளில்லாத வீடுகளின் கதவுகளை உதைத்துத் திறந்தான். அவளுடைய மகன் அர்பாஸ் உருண்டோடிய டிரம்மைப் பிடிக்கப் போனான். எங்கிருந்தோ எழும்பிய தகரம் அவன் கழுத்தில் இறங்கி, அவனைச் சுவரோடு சேர்த்து அடித்தது. மதீனா இரண்டு கையாலும் காயத்தை அழுத்திப் பிடித்தாள். விரல் இடுக்கில் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது.

தகரம் எதிர்வீட்டுப் பஞ்சுவுடையது. சைக்கிளில் இட்லி விற்பவர். கூரைமேல் பாரத்துக்கு டயர் வைக்காமல் குடும்பத்தோடு முலுண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்று சந்தே பேசியது. வைத்திருந்தேன் என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அர்பாஸின் மையத்தைக் கபரில் அடக்கிவிட்டு வந்த கையோடு அஸாருதீன் தன் தோல் பட்டறையிலிருந்து இரும்புக் குழாயை எடுத்துவந்து பஞ்சுவின் இடது கையை ஒடித்தான். எலும்பு முறிந்த சத்தம் வாசலில் நின்ற மதீனாவுக்குக் கேட்டது. அவள் தடுக்கவில்லை. இன்னும் அடி என்றுதான் மனசுக்குள் சொன்னாள். போலீசிடம் பஞ்சு, சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றார்.

"ஆள முடிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும் லாத்தா" என்று சோற்றில் கைவைக்கும்போதெல்லாம் அஸாருதீன் அக்காவிடம் சொன்னான்.

ஜூனில் பள்ளி திறந்தது. ஏழாம் வகுப்பு மாலதி டீச்சர் வானிலைப் பாடத்தைப் புத்தகத்திலிருந்து வாசிக்கவில்லை. மழை, மேகம், மின்னல், காற்று என்று பிள்ளைகளைக் குழு பிரித்து, நீங்களே கண்டுபிடித்துவந்து வகுப்பின் முன்னால் விளக்குங்கள் என்றார். சீட்டுக் குலுக்கியதில் காற்றுக் குழுவுக்கு மதீனாவின் மகள் சாதியாவும் பஞ்சுவின் மகன் கண்ணாவும் வந்தார்கள். மதீனா பள்ளிக்கு ஓடினாள். டீச்சர் பதறிப்போய் உடனே மாற்றுவதாகச் சொன்னார். சாதியாதான் மறுத்தாள்.

"அண்ணன எது அடிச்சதுன்னு எனக்குத் தெரியணும் உம்மா."

செய்துகாட்டும் நாளுக்குப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். பஞ்சு வருவார். அஸாருதீன் தோல் அறுக்கும் கத்தியைக் கைக்குட்டையில் சுற்றிக் கால்சட்டைப் பையில் போடுவதை மதீனா பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

மழைக் குழு வெட்டிய பாட்டிலில் தண்ணீர் அளந்து காட்டியது. மின்னல் குழுவில் ஒருவன் பாதியில் தமிழ் மறந்து ஹிந்திக்குத் தாவ, வகுப்பு சிரித்தது. அடுத்து காற்று. மேசைமேல் ஓர் அட்டை வீடு. மெல்லிய தகட்டுக் கூரை, அதன்மேல் சைக்கிள் டியூபில் வெட்டிய சின்னச் சின்ன டயர்கள். கண்ணா அதற்கு எதிரே வைத்திருந்த மேசை மின்விசிறியைப் போட்டான். கூரை படபடத்தது, பறக்கவில்லை.

"டயர் இருந்தா பறக்காது. பாத்தீரா வே" என்று எழுந்த அஸாருதீன், பஞ்சுவின் சட்டையைப் பிடித்து பெஞ்சிலிருந்து இழுத்து முகத்தில் குத்தினான். உதடு கிழிந்தது. இரண்டாவது குத்தில் பஞ்சுவின் தலை கரும்பலகையில் மோதியது. பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கினார்கள். தடுக்க வந்த டீச்சர் தள்ளுபட்டு விழுந்தார். அஸாருதீனின் கை பைக்குள் போனது.

"இன்னும் கதவத் தொறக்கல மாமா" என்றாள் சாதியா.

அவள் அட்டை வீட்டின் கதவை விரலால் தள்ளினாள். கூரை டயர்களோடு பிய்த்துக்கொண்டு எழும்பி, எதிர்ச் சுவரில் அடித்து விழுந்தது.

கண்ணா அழுதுகொண்டே மனப்பாடமாகச் சொன்னான். ஊரில் வீட்டுக்கு முன்வாசலும் பின்வாசலும் உண்டு. திறந்துவிட்டால் காற்று வந்து போய்விடும். இங்கே வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டியவை, ஒரே கதவு. உள்ளே வந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை, கூரையைத் தூக்குகிறது. "நாங்க கதவப் பூட்டிட்டுத்தான் போனோம். வந்து பாத்தா தாழ்ப்பா ஒடைஞ்சு கெடந்துச்சு."

மதீனாவுக்கு அந்த உதை கண்முன் வந்தது. பஞ்சுவின் கதவு. தம்பியின் கால்.

"இன்னொரு தடவ போடு" என்றான் அஸாருதீன். போட்டார்கள். பறந்தது. மறுபடி போடச் சொன்னான். பறந்தது. அவனுடைய கால்சட்டைப் பை சிவந்துகொண்டே வந்தது. மதீனா அந்தக் கையை வெளியே இழுத்தாள். கத்தியைக் கூர்ப்பக்கமாகப் பிடித்து இறுக்கியிருந்தான்.

"தாழ்ப்பா ஒடைஞ்சது ஒமக்குத் தெரியும்லா. ஏன் வே சொல்லல?" என்று அஸாருதீன் பஞ்சுவிடம் கேட்டான்.

பஞ்சு வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார். "சொல்லியிருந்தா இந்தக் கையையும் ஒடிச்சிருப்பீரு பாய்."

அன்று சாயங்காலமே காற்று எழும்பியது. கதவைத் திறக்கச் சொல்லி யாரோ கத்தினார்கள். துணி சுற்றிய கையோடு அஸாருதீன் சந்து முழுக்க ஓடி ஒவ்வொரு கதவாக இழுத்துச் சாத்தினான். ஆளில்லாத பஞ்சு வீட்டுக் கதவில் தாழ்ப்பாள் இன்னும் மாட்டப்படவில்லை. வெளியே நின்று, அதன் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டான். எங்கேயோ தகரம் கிழிந்தது. கல்லும் ஓட்டுத் துண்டும் அவன் முதுகில் வந்து விழுந்தன.

"லாத்தா" என்று கூப்பிட்டான்.

எதிரே தன் வாசலில் நின்ற மதீனா பீவி அவனைப் பார்த்தாள். பிறகு தன் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.